மாடிக்கு விட்டு வைத்த கம்பி

தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இடங்களில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வோர் இடத்திலும் நான்கு கம்பி, என் இடுப்பு உயரத்துக்கு. கீழே இருக்கும் ஆறு தூண்களின் கம்பியைத்தான் வெட்டாமல் மேலே விட்டு வைத்திருக்கிறது என்று எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். தெரியும் என்றால், அப்பா சொல்லியிருக்கிறார். அப்பா மேஸ்திரி. அந்த வீட்டை அவரே நின்று கட்டினார். பால் காய்ச்சிய அன்றைக்கு என் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போய், "இது மேல ஒரு வூடு வரும். அது உனக்கு" என்றார். அக்கா அப்போதுதான் கல்யாணம் ஆகி வடக்கனந்தலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் ஒருத்திதான் பாக்கி. மாடி எனக்கு என்பதை நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் மாடிக் கம்பியை வெட்ட மாட்டார்கள். கீழ் வீட்டைக் கட்டி முடித்ததும் தூணுக்குள் இருக்கும் கம்பியைக் கொஞ்சம் நீட்டி விட்டுவிடுவது வழக்கம். பின்னால் வசதி வரும்போது அதோடு சேர்த்துக் கட்டி மாடி எழுப்பலாம். கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தால் தெரியும், வீட்டுக்கு வீடு தலையில் கம்பி நிற்கும். சிலர் நுனியில் காலித் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எங்கள் அப்பா அதைவிட அக்கறைக்காரர். துருப்பிடிக்கக் கூடாதென்று வருஷா வருஷம் போகிக்கு முந்தின நாள் பழைய பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட்டைப் பால் மாதிரி கரைத்து எல்லாக் கம்பிக்கும் அடிப்பார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அந்தக் கம்பியில் துணிக்கொடி கட்டக் கூடாது என்று வேறு ஒரு சட்டம். அம்மா உயிரோடிருந்தபோது ஒரே ஒரு தடவை கட்டிவிட்டு, வாங்கிய திட்டு கொஞ்ச நஞ்சமல்ல.

சிவில் டிப்ளமோ படித்தேன். கல்யாணம் செய்து கொடுத்தார்கள். அது ஒத்துவரவில்லை. நான்கு வருஷத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து நானும் மகளும் கூடத்தில்தான் படுக்கிறோம். யார் வந்தாலும் பாயைச் சுருட்ட வேண்டும். எங்களுக்கென்று ஒரு கதவு கிடையாது. ஆனால் அதைப் பற்றி நான் அழுததில்லை, ஏனென்றால் மேலே எனக்குக் கம்பி நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். பிளானும் நானே வரைந்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, தனிப் படிக்கட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள். அப்பாவிடம் காட்டினால் முதல் வருஷம் செங்கல் சரியில்லை என்றார். மறுவருஷம் மணல் கிடைக்கவில்லை என்றார். அதற்கடுத்த வருஷம் வீட்டு ராசிக்குச் சனி பார்வை என்றார். நாத்திகம் பேசிய மனுஷன், திடீரென்று சனியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "இந்த வருஷம் யார் பார்வையும் எனக்கு வேணாம்ப்பா, தை பொறந்ததும் தூண் எழுப்பறோம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கொத்தனாருக்கும் நாள் சொல்லிவிட்டேன்.

அந்த வருஷம்தான் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்து எங்கள் பக்கம் ஆள் எடுத்தது. கள்ளக்குறிச்சியைச் சுற்றியும் கல்வராயன் மலையிலும் இருக்கிற கட்டிடங்களிலும் சாலைகளிலும் பாலங்களிலும் எந்தப் பொருள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று அளந்து ஒரு வரைபடத்தில் ஏற்ற வேண்டும். செங்கல் எவ்வளவு, மணல் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு, கம்பி எவ்வளவு. நாளைக்கு இடிக்கும்போது எதை எடுத்து மறுபடி பயன்படுத்தலாம், எவ்வளவு மலையை உடைக்காமல் விடலாம் என்று தெரிந்துகொள்வதற்காம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சுவரை அளக்க ஒரு சம்பளமா என்று நினைத்தேன். சிரிப்பு ஒரு வாரம்தான் தாங்கியது. ஒரு சாதாரண இரண்டு அறை வீட்டுக்குள் எத்தனை லாரி மண்ணும் கல்லும் உட்கார்ந்திருக்கிறது என்று முதல் தடவை கூட்டிப் பார்த்த அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள் தினம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிற சாலையின் ஓரத்தைத் தோண்டி அடுக்கு அடுக்காக அளந்தபோது, ஒரு குன்றையே அரைத்து நீளமாகப் படுக்கப் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. அந்தக் குன்று எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

என்னோடு வேலைக்கு வந்தவர் ரிஷிவந்தியத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், முன்பு போர்வெல் வண்டியில் இருந்தவர். நான் அண்ணா என்பேன், அவர் கிண்டலுக்கு மேடம் என்பார். கம்பி பார்க்கும் மெஷின் அவர் பொறுப்பு. கைக்கு அடக்கமான பெட்டி. காங்கிரீட் மேல் வைத்து நகர்த்தினால், உள்ளே கம்பி இருக்கிற இடத்தில் கீச்சென்று கத்தும். கம்பி என்ன கனம் என்றும் காட்டும். எங்கள் படிவத்தில் 'மேலே நீட்டிய கம்பி' என்று ஒரு கட்டம் உண்டு. அளவை எழுதிவிட்டுப் போனால் போதும். நான் சும்மா இருக்காமல், அது யாருக்கு என்றும் கேட்பேன். ஒரு வீட்டில் துபாயில் இருக்கும் தம்பிக்கு என்றார்கள். ஒரு வீட்டில் சின்ன மகனுக்கு, ஒரு வீட்டில் இன்னும் பிறக்காத பேரனுக்கு. யாரும் மகளுக்கு என்று சொல்லவில்லை. அப்போதெல்லாம் எனக்கு எங்கள் அப்பாவை நினைத்துப் பெருமையாக இருக்கும்.

வடக்கனந்தல் அளக்கப் போனபோது அக்கா வீடும் அந்தப் பட்டியலில் வந்தது. மூன்று அறைகளும் முன்னால் ஒரு வராந்தாவும் உள்ள சின்ன வீடு. மாமா வீட்டார் மாடி கட்டுவதாக இல்லை, தலையில் கம்பியும் இல்லை. மெஷினைச் சுவரில் வைத்தார் அண்ணா. அது கத்த ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை. ஜன்னலுக்கு மேல் கத்தியது, வாசல்காலுக்கு மேல் கத்தியது, வராந்தாவின் சின்னத் தூண்களில் விரலுக்கு விரல் கத்தியது. எல்லாம் பதினாறு எம்எம். அண்ணா மெஷினை அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"இன்னா மேடம் இது, உங்க அக்கா வூடா, கலெக்டர் ஆபீசா? இந்த வூட்டுக்குப் போயி எவனாவது இவ்ளோ கம்பி போடுவானா?"

"மாமியார் வூட்டுக்காரங்க பயந்த மனுஷங்கண்ணா. ஜாஸ்தியா போட்டுட்டாங்க போல" என்றேன்.

அக்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருப்பாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. சென்னைக்கு அனுப்பிய அந்தப் படிவம் இரண்டு நாளில் திரும்பி வந்தது. இந்த அளவு வீட்டில் இவ்வளவு கம்பி இருக்க வாய்ப்பில்லை, மறுபடி அளக்கவும் என்று எழுதியிருந்தார்கள். மறுபடி அளந்தோம். அதேதான் வந்தது.

அதற்குப் பிறகு மலைக்குப் போனோம். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில், என் வயதுள்ள ஒரு பெண்ணின் வீட்டை அளந்தேன். முற்றத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. மண் சுவர், மேலே தகரம். நான் டேப்பை விரிப்பதற்குள் அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இந்த உத்திரம் வேங்கை, மாமனார் வீட்டைப் பிரித்தபோது எடுத்துவந்தது. அந்த ஐந்து மூங்கில் போன வருஷம் வெட்டியது. மண், பின்னால் அந்தக் குழியிலிருந்து. தகரம் ஒன்பது, அதில் இரண்டு ஓட்டை, ஓட்டைத் தகரம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போட்டிருக்கிறது. ஒரு ஆணி விடாமல் சொன்னாள். எழுத எனக்குக் கை வலித்தது. முடித்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"உங்க வூட்டுல இன்னா இருக்குது?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "ஆறு பில்லர். ஒவ்வொண்ணுலயும் நாலு கம்பி, பதினாறு எம்எம். அஸ்திவாரத்துலருந்து மாடி வரைக்கும் நிக்குது" என்றேன். கொஞ்சம் அலட்டிக்கொண்டுதான் சொன்னேன்.

"நீ பாத்தியா, சொன்னாங்களா?"

"எங்கப்பா கட்டுனதும்மா" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, சாமையைக் கிளறப் போய்விட்டாள்.

இறங்கும்போது ஒரு வளைவில் சறுக்கி எங்கள் வண்டி கவிழ்ந்தது. எங்களுக்கு முழங்காலில் சிராய்ப்பு, மெஷின் பையோடு போய்ப் பாறையில் மோதியது. மெஷினுக்கு அடிபட்டால் ஒரு விதிமுறை இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கட்டிடத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும். அண்ணா யோசித்தார். நான் யோசிக்கவே இல்லை.

"எங்க வூட்டுக்கு வாங்கண்ணா. பக்கத்துலயே இருக்குது. கண்ண மூடிக்கினு சொல்லுவேன், எங்க எவ்ளோ கம்பின்னு."

அது பொங்கலுக்கு நான்கைந்து நாள் முன்பு. அப்பா கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில். வாசல் பக்கத்து மூலைத் தூணில் அண்ணா மெஷினை வைத்தார். சத்தம் இல்லை. மேலும் கீழும் இழுத்தார். இல்லை. அடுத்த தூண், இல்லை. ஆறு தூணும் பார்த்தாயிற்று. கூரைத் தளத்துக்கு அடியில் ஏணி போட்டு வைத்தால் மட்டும் லேசாகக் கத்தியது, மெல்லிய கம்பிக்கு.

"போச்சு. செத்துப்போச்சு மெஷின். உங்கள வளைவுல மெதுவா ஓட்டுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?" என்று நான் அவர் மேல் பாய்ந்தேன். அந்த மெஷின் என்ன விலை தெரியுமா, சென்னையில் என்ன பதில் சொல்வது என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். பாவம், அவர் முழங்காலில் மருந்துத் துணியோடு நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அப்புறம் தெருமுனைச் சின்னப் பாலத்துக்கு நடந்து போய் அதன் மேல் மெஷினை வைத்தார். கத்தியது. எதிர்வீட்டுத் தூணில் அனுமதி கேட்டு வைத்தார். நான்கு தடவை கத்தியது. திரும்பி வந்து எங்கள் தூணில் வைத்தார். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"மேடம், மெஷினு நல்லாத்தான் இருக்குது" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை.

இருந்தாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பி ஆழத்தில் இருக்கும், மெஷினுக்கு எட்டியிருக்காது என்றேன். டிரில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நானேதான் சொன்னேன். பின்பக்கம், மகளின் சைக்கிள் நிற்கும் இடத்தில், யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு துளை போட்டோம். டிரில் உள்ளே போகும்போது முதலில் சாம்பல் நிறத்தில் தூள் வந்தது. அது மேல்பூச்சு. அதற்குப் பிறகு சிவப்பாக வந்தது. தூண் என்றால் உள்ளே முழுக்கச் சாம்பல் வர வேண்டும். இன்னும் அழுத்தினேன். செங்கல் தூள் நின்று, மெத்தென்ற மண் வந்தது. களிமண்ணில் வைத்துக் கட்டிய வெறும் செங்கல். வெளியே தூண் மாதிரி பூசி, முனையைக் கூராக இழுத்து விட்டிருந்தது. அவ்வளவு நேர்த்தியான பூச்சு. இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தூணில் சாய்ந்துதான் நான் படித்தேன், அழுதேன், மகளுக்குச் சோறு ஊட்டினேன். சைக்கிள் சீட்டின் மேல் சிவப்புத் தூள் படிந்துவிட்டது. புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இந்தச் சுவர் தாங்காது. அதற்குக் கணக்குப் போடத் தேவையில்லை. நான் வரைந்த பிளானின்படி மேலே இரண்டு அறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்குமான கனத்தை இந்த மண்ணின் தலையில் இறக்கியிருப்பேன். அதற்கு நேர் கீழேதான் கூடம். கூடத்தில்தான் மகள் படுக்கிறாள். கொத்தனாருக்கு நாள் சொல்லியாகிவிட்டது. அப்பாவுக்கு அது தெரியும். கொத்தனார் வந்து மாடியைப் பார்த்துவிட்டுப் போனபோது அப்பாதான் அவருக்கு மோர் கொடுத்தார்.

அண்ணா துளையைக் கொஞ்சம் சிமெண்ட் வைத்து அடைத்தார். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அப்பா சாயங்காலம் மகளுக்குக் கரும்பு வாங்கிக்கொண்டு வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம். அவராகச் சொல்வார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். சாப்பிடும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் எப்போதும்போல்தான் இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

போகிக்கு முந்தின நாள் காலையில் மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

"டப்பாவைப் புடிக்க வரியாம்மா?"

போனேன். வழக்கம்போல் சிமெண்ட்டைக் கரைத்து வைத்திருந்தார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து, முதல் மூலையின் முதல் கம்பிக்கு மேலிருந்து கீழாக ஒழுங்காக அடித்தார். கிழக்குப் பக்கத்து மாடிகளில் எல்லாம் கம்பி நின்றது. வெயில் சுள்ளென்று இருந்தது.

"அப்பா, இந்தக் கம்பி எவ்ளோ ஆழம் போவுது?"

பிரஷ் நின்றது. "இன்னாத்துக்குக் கேக்குற?"

"தை பொறந்தா இது மேல தூண் எழுப்பப் போறோம். தெரிஞ்சிக்க வேணாமா?"

"அஸ்திவாரம் வரைக்கும் போவுது" என்றார். பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்துக்கொண்டு இரண்டாவது கம்பிக்குப் போனார்.

நான் டப்பாவைக் கீழே வைத்தேன். அப்போதுதான் அவர் அடித்து முடித்திருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். முதலில் அசையவில்லை. உடம்பு மொத்தத்தையும் போட்டு முன்னும் பின்னும் தள்ளினேன். அடியில் எங்கோ நொறுங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் பல் ஆடுவதுபோல் ஆடி, மேலே வந்துவிட்டது. அடிமுனையில் ஒட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் கட்டியோடு கையில் நின்றது. தளத்துக்குள் இருந்த நீளம் என் ஒரு சாண்கூட இல்லை. கையெல்லாம் சிமெண்ட் பால். அதை அவர் முன்னால் நீட்டினேன்.

"இதான் அஸ்திவாரமாப்பா?"

அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டி, தூணுக்குக் கம்பியும் வாங்கிப் போட்ட நேரத்தில்தான் அக்காவுக்கு நிச்சயமாயிற்று. மாமா வீட்டார் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சீரோடு சீராகக் கம்பியும் இறக்கிவிடுங்கள் என்று தாம்பூலம் மாற்றும்போது சொல்லிவிட்டார்கள். கையில் இருந்தது அந்தக் கம்பிதான். டிராக்டரில் ஏற்றி மொத்தத்தையும் வடக்கனந்தலுக்கு அனுப்பிவிட்டார். வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் மட்டும் இங்கே இருந்தன.

"அந்தத் துண்ட எதுக்கு மேல நட்டு வெச்ச?"

"மொட்டையா இருந்தா ஊர்ல இன்னா பேசுவாங்க? மேஸ்திரி வூட்டுலயே பில்லர் இல்லன்னு சொல்ல மாட்டாங்களா? அப்புறம் எவன் எனக்கு வேல குடுப்பான்? உன்னப் பொண்ணு பாக்க வந்தவங்களே கூட மேல அண்ணாந்து பாத்துட்டுத்தான் உள்ள வந்தாங்க."

"அது சரி. எனக்குன்னு ஏன் சொன்ன?"

பிரஷ் காய்ந்துகொண்டிருந்தது.

"ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. அவ போயிட்டா, நீயும் ஒரு நாள் போயிடுவ. மேல யாரு வந்து கட்டப் போறாங்கன்னு இருந்துட்டேன்மா. நீ திரும்பி வருவேன்னு நான் கண்டனா."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வருஷா வருஷம் நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது என் வீட்டுக்கு இல்லை. நான் போய்விடுவேன் என்ற நம்பிக்கைக்குத்தான் சிமெண்ட் பால் அடித்திருக்கிறார்.

"தையில கொத்தனார் வந்து நின்னா சொல்லியிருப்பியாப்பா?"

"சொல்லியிருப்பேன். தெனம் சொல்லலாம்னு நெனச்சிக்கினுதான் இருந்தேன்."

"இப்பக் கேட்டனே. அஸ்திவாரம் வரைக்கும் போவுதுன்னு சொன்னியே."

அவர் பிரஷ்ஷைத் தரையில் வைத்தார். அன்றைக்கு முதல் முறையாக எனக்கு எங்கள் அப்பாவைக் கண்டு பயமாக இருந்தது. ஒரு நல்ல மனுஷன், பேத்திக்குக் கரும்பு வாங்கி வருகிற மனுஷன், வெட்கத்துக்குப் பயந்து எதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருப்பான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று மத்தியானமே வடக்கனந்தலுக்குப் போனேன். கம்பியைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அக்கா வாசலில் கோலத்துக்காக மெழுகிக்கொண்டிருந்தாள். கம்பியை அவள் முன்னால் போட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"டிராக்டர்ல வந்து எறங்கினது தெரியும். நான்தான் எண்ணி எடுத்து உள்ள வெச்சேன்" என்றாள். "ஆனா நம்ம வூட்டுக்கு அப்பா அப்புறமா வேற வாங்கிப் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்டி. கம்பி மேல நிக்குதே. வருஷா வருஷம் சிமெண்ட் பால் அடிச்சாரே."

அவளும் கீழே உட்கார்ந்துவிட்டாள். கையில் சாணி. கண்ணைத் துடைக்கக்கூட முடியாமல் அழுதாள். "என் வூட்ட இடிச்சி எடுத்துக்கோ. உன்னுதுதானே, எடுத்துக்கினு போ" என்றாள். கோபத்தில் சொன்னாளா, மனசார சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்குமே தெரியாமல் இருந்திருக்கும்.

"நீ நல்லா இரு. பூகம்பம் வந்தாலும் உன் வூடு ஒண்ணுதான் ஊர்ல நிக்கும்" என்றேன். அது கிண்டல்தான். சொன்ன பிறகு எனக்கும் அழுகை வந்தது.

பொங்கல் முடிந்து, எங்கள் வீட்டுப் படிவத்தையும் எழுதி அனுப்பினேன். தூண்: இல்லை. தூண் கம்பி: இல்லை. மேலே நீட்டிய கம்பி: இருபத்து மூன்று, பயனற்றது. அதுவும் சென்னையிலிருந்து திரும்பி வந்தது. கம்பி நீட்டியிருக்கும் வீட்டில் தூண் இல்லாமல் இருக்க முடியாது, சரிபார்க்கவும் என்றிருந்தது. அண்ணாதான் பதில் எழுதினார். வடக்கனந்தலில் ஜாஸ்தியாக இருப்பதும் இங்கே கம்மியாக இருப்பதும் ஒரே கம்பிதான், இரண்டு வீட்டையும் சேர்த்துப் பாருங்கள் என்று. பிறகு அவர்கள் எதுவும் கேட்கவில்லை. கணக்கு அவர்களுக்குச் சரியாகிவிட்டது.

தையில் வர வேண்டிய கொத்தனாரை நிறுத்தினேன். புதிதாக ஒரு பிளான் வரைந்தேன். பழைய சுவர் எதையும் தொடாமல், வீட்டுக்கு வெளியே சுற்றிலும் தரையிலிருந்து புதுத் தூண் எழுப்பி, அதன் மேல் மாடி. செலவு கூடும், ஒரு அறை குறையும். பரவாயில்லை, தாழ்ப்பாள் உண்டு. அப்பாவிடம் நான் பிளானைக் காட்டவில்லை. அவர் சமையலறை மேடையில் இருந்ததை எடுத்துப் பார்த்திருக்கிறார். மாசியில் குழி தோண்டிய அன்று கொத்தனார் வருவதற்கு முன்பே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி நின்றார். காலையிலிருந்து அவரே கட்டுக்கம்பி முறுக்கி, முதல் தூணுக்கான கம்பிகளைக் கட்டி நிறுத்தினார். எழுபது வயதுக்கு அந்தக் கை நடுங்கவே இல்லை.

கலவை தயாரானது. கொத்தனார் கொட்டலாமா என்று கேட்டார்.

"இருங்க. நான் எறங்கி எண்ணிப் பாக்கணும்" என்றேன்.

எல்லோரும் நின்றார்கள். மேஸ்திரி கட்டியதை எண்ணிப் பார்க்கிறேன் என்று அவர் மகளே சொன்னதில் கொத்தனாருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா மட்டும் ஓரமாக நகர்ந்து எனக்கு வழி விட்டார்.

"எண்ணிக்கோம்மா" என்றார்.

குழிக்குள் இறங்கினேன். ஒவ்வொரு கம்பியையும் பிடித்து ஆட்டினேன். அடியில் பின்னிய கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஆறு கம்பி. வளையம் எல்லாம் சரியான இடைவெளியில் இருந்தது.

"இருக்குதா?" என்று கேட்டார் அப்பா.

"இருக்குதுப்பா" என்றேன்.

மேலே ஏறி வந்தேன். கொட்டச் சொன்னேன். இருந்தும், கடைசிச் சட்டிக் கலவை விழுந்து கம்பி மூடுகிற வரைக்கும் நான் அந்தக் குழி ஓரத்தை விட்டு நகரவில்லை.